எடைக்குப் போட்ட சைக்கிள் ஃபிரேம்கள்

கும்பகோணத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில், ஜன்னல் கம்பிகளுக்கும் பம்ப்செட் குழாய்களுக்கும் நடுவே தலைகீழாகச் செருகிக் கிடந்த சைக்கிள் ஃபிரேம் ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். ஃபோர்க்கோடு சேர்த்து 5.75 கிலோ இருந்தது. கிலோ 40 ரூபாய் என்று கணக்குப் போட்டு 230 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். சக்கரம் இல்லை, ஹேண்டில் பார் இல்லை, சீட் இல்லை, முகப்பில் கம்பெனியின் பெயர்த் தகடும் இல்லை. மேலே வீட்டுக் கதவுக்கு அடிக்கும் பச்சை ஆயில் பெயிண்ட் தடிமனாகப் பூசப்பட்டிருந்தது. கடைக்காரருக்கு அது இரும்பு. நான் அதை வெளியே இழுத்தது, ஃபோர்க்கின் இரண்டு தோள்களிலும் தையற்காரர் விரலில் மாட்டிக்கொள்ளும் தொப்பியைக் கவிழ்த்தது போல உருண்டு நின்ற குமிழ்களுக்காக. பச்சைப் பூச்சையும் மீறி அந்த வடிவம் தெரிந்தது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செய்த ராலே சைக்கிளாக இருக்கலாம் என்று அப்போதே மனம் சொன்னது. அது சரிதானா என்று உறுதிசெய்ய மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் நான் உப்புத்தாளைக் கையில் எடுக்கவில்லை.

இந்தக் கட்டுரையில் சொல்ல வருவதே அதுதான். பழைய ஃபிரேம் ஒன்று கைக்கு வந்ததும் பெயிண்ட்டைச் சுரண்டி, தேய்த்து, பளபளவென்று ஆக்கிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அது யார் செய்தது, எப்போது செய்தது, எந்த உதிரிப்பாகம் அதற்குப் பொருந்தும் என்பதற்கான சாட்சிகள் எல்லாம் அந்த அழுக்கிலும் பழைய பூச்சிலும்தான் இருக்கின்றன. முதலில் சுரண்டிவிட்டு அப்புறம் அடையாளம் தேடுகிறவருக்கு இரும்பு மட்டுமே மிஞ்சும்.

அமெரிக்காவில் பழைய சைக்கிள் பிரியர்கள் குரூசர் என்று ஒரு வகையைக் கொண்டாடுகிறார்கள். 1933இல் ஷ்வின் நிறுவனம் பலூன் டயர் போட்ட சைக்கிளைச் சந்தைக்குக் கொண்டுவந்ததிலிருந்து தொடங்கும் மரபு அது: 26க்கு 2.125 அங்குல டயர், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக், ஒரே கம்பியை வளைத்துச் செய்த, பெடல்களைத் தாங்கும் கிராங்க், அது நுழைவதற்காக ஃபிரேமில் மரை இல்லாத அகலமான கூடு. நம் காவிரிப் படுகையில் அந்த உருப்படி கிடைக்காது. ஆனால் அதே வேலையைச் செய்த சைக்கிள் நம்மிடம் உண்டு. 28க்கு 1½ அங்குல டயரும், கம்பி பிரேக்கும், நிமிர்ந்து உட்காரும் சீட்டும் கொண்ட ரோட்ஸ்டர். இன்றைய சைக்கிள்களில் முன்குழாயும் சீட் குழாயும் 72, 73 டிகிரியில் விறைத்து நிற்கும். ரோட்ஸ்டரில் அவை 70 டிகிரிக்கும் கீழே, ஈஸிசேரில் சாய்ந்தது போலப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கப்பிக் கல் பெயர்ந்த சாலையிலும் வெண்ணாற்றங்கரை மண் தடத்திலும் முதுகெலும்பு அதிராமல் போனதற்கு அந்தச் சாய்வும், முன்னால் நீண்டு வளைந்த ஃபோர்க்கும்தான் காரணம்.

அடையாளம் காணும் வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அய்யம்பேட்டையில் கடை வைத்திருக்கும் ஒரு முதிய மெக்கானிக். ஊரில் எல்லோரும் அவரைப் பாய் என்றே அழைப்பார்கள். முதல்முறை நான் ஒரு ஃபிரேமின் பெயிண்ட்டைக் காட்டி, இது ஹெர்குலிஸ்தானே என்று கேட்டபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தம்பி, பெயிண்ட்ட யாரு வேணா அடிக்கலாம், ஸ்டிக்கர யாரு வேணா ஒட்டலாம். மூட்டப் பாருங்க" என்றார். மூட்டு என்று அவர் சொன்னது, குழாயும் குழாயும் சேருமிடத்தில் உறை போல மாட்டியிருக்கும் லக்கை. பழைய ரோட்ஸ்டர் ஃபிரேம்களில் குழாய்களை லக்குக்குள் செருகிப் பித்தளையை உருக்கி ஓடவிட்டுப் பற்றவைத்திருப்பார்கள். நல்ல வேலையில் லக்கின் விளிம்பு நகத்தால் தடவினால் சீராக ஓடும். பித்தளை விளிம்பு நெடுக மெல்லிய கோடாக நின்றிருக்கும். அவசர வேலையில் அங்கங்கே கட்டி தட்டியிருக்கும், அல்லது நகம் நுழையும் இடைவெளி இருக்கும். இதை வைத்தே ஃபிரேமின் தரத்தைப் பாதி சொல்லிவிடலாம்.

லக்குக்கு அடுத்து ஃபோர்க்கின் தலை. ராலேயின் குமிழ்த் தோள்களை மேலே சொன்னேன். ஹம்பர் சைக்கிளின் சில மாடல்களில் முன் ஃபோர்க்கின் ஒவ்வொரு காலும் இரட்டைக் குழாயாக இறங்கும். அதைப் பார்த்தவர் வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள மாட்டார். செயின் வீல் கிடைத்தால் வேலை இன்னும் சுலபம். ராலேயில் நாரையின் தலைகள் வெட்டியிருக்கும், ரட்ஜ் என்ற ஆங்கிலேய சைக்கிளில் விரித்த உள்ளங்கை இருக்கும். ஆனால் செயின் வீல் கழற்றி மாட்டக் கூடியது. எழுபது ஆண்டுகளில் எத்தனை கை மாறியிருக்கும் என்று யார் கண்டது. ஃபிரேமோடு பிரிக்க முடியாமல் பிறந்த உறுப்புகளின் சாட்சியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வரிசை எண் அப்படிப்பட்ட சாட்சி. அது பெரும்பாலும் சீட் குழாயின் மேல் லக்கிலோ, கடைத்தெருவில் பி.பி. என்று சொல்லும் பெடல் அச்சுக் கூட்டின் அடிவயிற்றிலோ குத்தியிருக்கும். பெயிண்ட் மூடியிருந்தால் கத்தியால் சுரண்டக் கூடாது. மெல்லிய தாளை அதன்மேல் விரித்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால், பள்ளிக்கூடத்தில் நாலணாக் காசைத் தாளில் எடுத்தோமே, அதுபோல எண் எழும்பி வரும். என் பச்சை ஃபிரேமில் சீட் லக்கிலிருந்து ஆறு இலக்கங்கள் அப்படித்தான் கிடைத்தன. பி.பி. கூட்டின் மேல் எண்ணெய் விடுவதற்கான சின்னஞ்சிறு துளை ஒன்றும் பெயிண்ட்டுக்குள் புதைந்திருந்தது. பழைய ஆங்கிலேய சைக்கிள்களின் பழக்கம் அது.

முகப்புத் தகடு போய்விட்டாலும் அது இருந்த இடத்தின் வடிவம் போவதில்லை. தகட்டுக்கு அடியில் வெயில் படாததால் பூச்சு ஆழ்ந்த நிறமாக நிற்கும். மேலே வேறு பெயிண்ட் அடித்திருந்தால் தகட்டின் விளிம்பு நெடுகப் பெயிண்ட் வரம்பு கட்டியிருக்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் தெரியும். ரிவெட் துளைகளின் இடைவெளியையும் குறித்துக்கொள்ளலாம். இன்று எல்லா கம்பெனிக்கும் புதிய தகடு விலைக்குக் கிடைக்கிறது. பெயர் பளபளக்கும் ஃபிரேமைவிட, பெயர் இருந்த தழும்பு மட்டும் உள்ள ஃபிரேமை நான் அதிகம் நம்புகிறேன்.

நம் பக்கத்தில் அதிகம் அகப்படுவது ஹெர்குலிஸ். 1910இல் பர்மிங்காமில் தொடங்கிய கம்பெனி அது. 1949இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் வந்தபிறகு அந்தப் பெயரிலேயே இங்கும் சைக்கிள்கள் செய்யப்பட்டன. ஆகவே ஹெர்குலிஸ் என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து அது கடல் தாண்டி வந்தது என்று சொல்லிவிட முடியாது. ராலேக்கும் அசன்சோலில் சென்-ராலே என்ற இந்தியப் பிறப்பு உண்டு. சோனிபட்டில் 1951இல் தொடங்கிய அட்லஸ், லூதியானாவில் 1956இல் தொடங்கிய ஹீரோ ஆகியவற்றின் ஃபிரேம்களும் இதே ஆங்கிலேய அச்சில் வந்தவையே. இந்திய ஃபிரேம் என்றால் மட்டம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அறுபதுகளின் அம்பத்தூர் ஃபிரேம்கள் சிலவற்றின் மூட்டு வேலை, என் கையில் வந்த ஆங்கிலேய ஃபிரேம்களுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. உதிரிப்பாகமும் தெருவுக்குத் தெரு கிடைக்கும். முதன்முதலாக இந்த வேலையில் இறங்குகிறவர் அதிலேயே தொடங்குவது நல்லது.

காலத்தைக் கணிக்க இன்னும் இரண்டு வழிகள் உண்டு. பின்சக்கரத்தோடு கிடைத்து, அதில் ஸ்டர்மி-ஆர்ச்சர் என்ற ஆங்கிலேய கம்பெனியின் மூன்று கியர் ஹப் இருந்தால், ஹப்பின் உடம்பில் ஏ.டபிள்யூ. என்ற எழுத்தை ஒட்டி ஆண்டும் மாதமும் குத்தியிருக்கும். 52, 7 என்றிருந்தால் 1952 ஜூலை. அது ஹப்பின் பிறந்தநாள், ஃபிரேமினுடையது என்று எடுத்துக்கொள்ள முடியாது. மற்றொன்று, ஊராட்சியும் நகராட்சியும் சைக்கிளுக்கு வரி வாங்கிய காலத்துத் தகட்டு வில்லை. ஒரு ஃபிரேமில் அத்தகைய வில்லை ஒன்று, துருவில் ஊர்ப்பெயர் பாதி போய், ஆண்டு மட்டும் தெளிவாக, ஃபோர்க் போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டில் அந்தச் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஃபிரேமில் படிந்த உழைப்பின் தடங்களையும் படிக்கலாம். மேல் பாரின் நடுவில் பூச்சு தேய்ந்து, குறுக்கே வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தால் அங்கே ஆண்டுக்கணக்கில் கயிறு கட்டியிருக்கிறார்கள். திருவையாற்றுப் பக்கத்து வாழை இலைக் கட்டோ, ராஜகிரிப் பக்கத்து வெற்றிலைக் கட்டோ அதில் போயிருக்கும். பின் ஃபோர்க்கின் இரண்டு பக்கமும் வழவழவென்று தேய்ந்திருந்தால் பால் கேன் உரசியிருக்கும். டபுள் பார் ஃபிரேம் பாரம் சுமக்கவே பிறந்தது. களத்திலிருந்து நெல் மூட்டையைக் குறுக்கே போட்டுத் தள்ளிக்கொண்டு வந்த சைக்கிள்கள் அவை. ஏறி மிதித்ததைவிடத் தள்ளி நடந்ததே அதிகம். அப்படிப்பட்ட ஃபிரேமை வாங்கும்போது பி.பி. கூட்டை ஒட்டிய பின் குழாய்களையும், பின் ஆக்சில் உட்காரும் வாயையும் விரிசலுக்காகக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

நேராக இருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை. ஒரு நூலைப் பின் ஆக்சில் வாயில் கட்டி, முன்குழாயைச் சுற்றி, மறுபக்கத்து வாய்க்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்ட வேண்டும். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தை நிமிர்த்திவிடலாம். ஒரு விரற்கடை என்றால் நான் விட்டுவிடுவேன். எதிலாவது நேருக்கு நேர் மோதிய ஃபிரேமில், முன்குழாயின் கீழ் லக்கைத் தாண்டி இரண்டு அங்குலத்தில் கீழ்க் குழாயின் அடிப்பக்கம் பெயிண்ட் சுருங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கட்டைவிரலைக் குழாய் நெடுக ஓட்டினால் தடுக்கும். அந்தச் சுருக்கம் உள்ள ஃபிரேமை இனாமாகக் கொடுத்தாலும் ஓட்டுவதற்கு எடுக்கக் கூடாது.

துருவில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. தஞ்சாவூர், பாபநாசம் பக்கத்து ஃபிரேம்களில் துரு வெளியிலிருந்து உள்ளே போகும்; பார்க்கப் பயமாக இருந்தாலும் குழாய் கெட்டியாக இருக்கும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்தில் உப்புக் காற்றில் நின்ற ஃபிரேம் வெளியே ஒழுங்காக இருந்து உள்ளே அரித்திருக்கும். ஃபிரேமைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினால் சரசரவென்று துருச் செதில் ஓடும் சத்தம் கேட்கும். சீட் குழாய் வழியே இறங்கிய மழைநீர் எல்லாம் பி.பி. கூட்டில்தான் தேங்கும் என்பதால், அங்கே கூர்மையான ஆணியால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஆணி இறங்கினால் அது இரும்புக் கடைக்கே திரும்பட்டும்.

இனி, நான் ஒரு நல்ல ஃபிரேமைக் கெடுத்த கதையைச் சொல்லியாக வேண்டும். பச்சை ஃபிரேமுக்கு முன்னால் என்னிடம் வந்தது, தகடும் எண்ணும் நாரைத் தலைச் செயின் வீலும் எல்லாம் பொருந்திய நாட்டிங்ஹாம் ராலே. பி.பி. கூட்டின் இரு பக்கமும் திருகியிருக்கும், உள்ளே குண்டுகள் ஓடும் கப்புகளில் ஒன்று லேசாகக் குழி விழுந்திருந்தது. புதுக் கப்பு ஒரு ஜோடி வாங்கி வந்து, பழையதைத் தூக்கி எறிந்துவிட்டு, புதியதைக் கூட்டுக்குள் திருகினேன். இரண்டு சுற்று போனதும் இறுகியது. துரு என்று எண்ணி, எண்ணெய் விட்டு, பைப் ரெஞ்சைப் போட்டு முறுக்கினேன். வெளியே எடுத்தபோது வெள்ளி நூல் போல இரும்பு இழை சுருண்டு வந்தது. கூட்டின் மரை முழுவதும் வழிக்கப்பட்டுவிட்டது. நாட்டிங்ஹாம் ராலேயின் பி.பி. மரை அங்குலத்துக்கு 26 சுற்று. மற்ற பெரும்பாலான ஆங்கிலேய, இந்திய சைக்கிள்களில் 24. விட்டம் ஒன்றுதான் என்பதால் முதல் சுற்றுகளில் ஏமாற்றிவிடும். முன்குழாயில் உட்காரும் ஹெட் கப்பிலும் இதே வேறுபாடு உண்டு. அதன்பின் நான் கழற்றும் ஒவ்வொரு கப்பையும் பென்சில் கரி தடவித் தாளில் உருட்டி எடுக்கிறேன். அரை அங்குலத்துக்குள் 12 கோடு விழுந்தால் கடையில் கிடைக்கும் கப்பு பொருந்தும். 13 விழுந்தால் பழைய கப்பைத் தங்கம் போலப் பாதுகாக்க வேண்டும். பச்சை ஃபிரேமில் விழுந்தவை 13. குமிழ்த் தோளும் எண்ணெய்த் துளையும் எண்ணும் சொன்னதை மரையும் சொன்னபோதுதான் அதை ராலே என்று என் நோட்டில் எழுதினேன்.

பழைய கப்பில் சிறு குழி இருந்தால்கூடப் பரவாயில்லை. உள்ளே ஓடும் பால்ரஸ் குண்டு இரண்டு வகை மரைக்கும் பொது: பி.பி.யில் பக்கத்துக்கு 11, கால் அங்குலம். புதுக் குண்டும் நல்ல கிரீஸும் போட்டால் இன்னும் பல ஆண்டு ஓடும். கழற்றும்போது திசை முக்கியம். செயின் பக்கத்துக் கப்புக்கு இடது மரை, மறுபக்கத்துக்கு வழக்கமான வலது மரை. இது தெரியாமல் உளி வைத்துத் தட்டிக் காது உடைந்த கப்புகளை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

கிராங்க்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின் இன்னொரு சோதனை. மண்ணெண்ணெயும் என்ஜின் ஆயிலும் சமமாகக் கலந்து இரண்டு நாள் ஊறவிட்டு, கிராங்க்குக்கு அடியில் கனமான இரும்புக் குழாயை நிலத்தில் ஊன்றித் தாங்கல் கொடுத்து, நட்டைப் பின்னின் முனையோடு மட்டமாக விட்டு, ஒரே அடி அடிக்க வேண்டும். பத்துச் சின்ன அடி பின்னை வளைத்து இன்னும் இறுக்கும். தாங்கல் இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் குண்டுகள் வழியாகக் கப்பில் இறங்கி, கப்பில் பள்ளம் விழும்.

துருவை நீக்க நான் ஆக்சாலிக் அமிலத்தைப் பயன்படுத்துகிறேன். வெதுவெதுப்பான நீரில் லிட்டருக்கு இரண்டு மூன்று கரண்டி கரைத்து, பழைய பிளாஸ்டிக் தொட்டியில் உறுப்புகளை ஓர் இரவு ஊறவிட்டால், துரு கரைந்து பழைய பூச்சும் அதன்மேல் இழுத்த பொன்னிறக் கோடும் அப்படியே நிற்கும். அது நஞ்சு. கையுறை வேண்டும், மாடு கன்று வாய் வைக்காத இடம் வேண்டும், கடைசியில் சமையல் சோடா கலந்த நீரில் அலச வேண்டும். பிறகு குழாய்களுக்குள் ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, ஃபிரேமை எல்லாப் பக்கமும் புரட்டி, மிச்சத்தை வடித்து வெயிலில் வைத்தேன். தேங்காய் எண்ணெய் இதற்கு உதவாது. அது காய்ந்து படலம் கட்டுவதில்லை.

பெயிண்ட் விஷயத்தில் என் கட்சி தெளிவானது. மேலே பின்னால் அடித்த பெயிண்ட்டை மட்டும் மெதுவாக எடுத்து, கீழே கம்பெனி பூச்சு முக்கால்வாசி இருந்தால் அதைத் தொடக் கூடாது. பச்சைக்கு அடியில் ஒரு மெரூன், அதற்கும் அடியில் கறுப்பு என்று மூன்று அடுக்கு இருந்தன. மரக் குச்சியைச் சீவி, தின்னர் நனைத்த துணியோடு மாலை தோறும் உள்ளங்கை அகலம் எடுத்தேன். சீட் குழாயில் இரண்டு பொன்னிறக் கோடுகள், கையால் இழுத்தவை, முனையில் தூரிகை தூக்கிய இடம்கூடத் தெரிந்தது. பவுடர் கோட்டிங் போட்டிருந்தால் லக்கின் விளிம்பு மழுங்கி, எண் மூடி, இந்தக் கோடுகளும் போயிருக்கும். இரும்பு தெரிந்த இடங்களில் மட்டும் ரெட் ஆக்சைடும் கறுப்பும் தொட்டு வைத்தேன். ஒட்டு தெரிகிறது; தெரியட்டும்.

உறுப்புகளைச் சேர்க்கப் பணம் அதிகம் ஆகவில்லை. 28 அங்குல டயரும் டியூபும் ரிம்மும் கம்பி பிரேக்கும் நம்மூர் சைக்கிள் கடைகளில் இன்றும் சாதாரணச் சரக்கு. ஹப்புகளுக்கும் கணக்கு எளிது: முன்னால் பக்கத்துக்கு 10 குண்டு, பின்னால் 9. ஆனால் சக்கரம் கட்டி, கோட்டம் எடுக்க எனக்குக் கை வராது. அதற்கு அய்யம்பேட்டைக்கே போனேன்.

பாய் என் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சக்கரங்களைக் கோட்டம் எடுத்து மாட்டிவிட்டு, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, விரலால் தொட்டும் தொடாமலும் ஒரு தள்ளு தள்ளினார். அது சுற்றி, வேகம் குறைந்து, நின்றுவிடும் என்று நினைத்த இடத்தில் நிற்காமல், வால்வின் கனத்தால் பின்னோக்கித் திரும்பி, மறுபடி முன்னால் போய், தூளி ஆடுவது போல ஆடி, வால்வு கீழே வந்து நின்றது. "இன்னொரு ஆட்டம் ஆடணும் தம்பி" என்று சொல்லி, ஸ்பேனரை எடுத்து, ஹப்பின் குண்டுகளை இறுக்கிப் பிடிக்கும் கோனை அரைக்கால் சுற்று தளர்த்தினார்.